ஃபேன் ஓடும்போது மட்டும்

காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் கறுப்புப் புகை, வாசல் முழுக்கப் பெட்ரோல் வாசனை. அதே வண்டி பகல் பன்னிரண்டு மணிக்கு வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னலில் நின்றால் நடுங்கும். ஆர்பிஎம் 850-லிருந்து 600-க்கு இறங்கும். பச்சை விழுவதற்குள் அணைந்துவிடும். காலையில் பெட்ரோல் அதிகம், மதியம் பெட்ரோல் குறைவு. இரண்டும் ஒரே வண்டியில், ஒரே நாளில், ஒரே டியூனிங்கில்.

ஈசிஎம் (இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர் பெட்டி) மாற்றிய பிறகு மூன்று மாதம் இதோடுதான் போராடினேன். பழைய வண்டிக்குப் புது ஈசிஎம் போட நினைக்கும் நண்பர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, "உங்க மேப் ஃபைலை அனுப்ப முடியுமா?" என்றுதான். பெட்ரோல் கணக்குக்கான எண்களின் அட்டவணைதான் மேப். அனுப்பலாம், அதில் ஒன்றுமில்லை. ஆனால் என் வண்டியின் கோளாறு அந்த ஃபைலில் இல்லை; கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ஒரு ரிலேவில் இருந்தது. அந்த ரிலேவுக்குப் போய்ச் சேர்ந்த வழியை எழுதினால் இன்னொருவருக்கு மூன்று மாதம் மிச்சமாகும் என்று தோன்றுகிறது.

வண்டி அப்பா 2002-ல் வாங்கிய மாருதி எஸ்டீம். டிஎன் 23 பதிவு, 1298 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு. அப்பா போன பிறகு அதை விற்க அம்மாவுக்கு மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. முன்கண்ணாடிக்குப் புது ரப்பர் போட்ட கடையில் அதைச் சரியாக உட்கார வைக்கவில்லை. 2021 நவம்பரில், பாலாறு இரு கரையும் தொட்டு ஓடிய அந்த மழையில், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி ஈசிஎம்மை நனைத்துவிட்டது. காயவைத்து ஒரு வருடத்துக்கும் மேல் ஓட்டினேன். அப்புறம் பலகையில் பச்சை பூத்து, செம்புக் கோடுகள் அரித்துப்போய், ஒரு நாள் ஒரேயடியாக நின்றது. சென்னை புதுப்பேட்டை வரை போய்த் தேடினேன். கப்ளர் பொருந்தும் பெட்டிகள் கிடைத்தன, அதே எண் உள்ளது கிடைக்கவில்லை. கடைசியில் ஸ்பீடுயினோ போடுவது என்று முடிவு செய்தேன். ஆர்டுயினோ மெகா 2560 பலகையின் மேல் கட்டப்பட்ட திறந்த மூல ஈசிஎம் அது. லேப்டாப்பில் டியூனர்ஸ்டுடியோ என்ற மென்பொருளை வைத்து அதோடு பேசலாம்.

இது எப்படிப் பெட்ரோலை அளக்கிறது என்பது முக்கியம், மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது. உள்ளே போகும் காற்றை இது நேரடியாக அளப்பதில்லை. இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தம், காற்றின் வெப்பம், ஆர்பிஎம் ஆகிய மூன்றையும் பார்த்து, சிலிண்டருக்குள் இவ்வளவு காற்று போயிருக்கும் என்று கணக்குப் போடுகிறது. ஒரு சிலிண்டர் 324 சிசி. மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்துக்கு முழுதாக நிரம்பினால் 100. ஐட்லிங்கில் 45, 50 என்று நிரம்பும். நடு ஆர்பிஎம்மில் 80, 85 வரை போகும். இந்த எண்கள்தான் ஃபியூயல் மேப். பக்கவாட்டில் 16, மேலே 16 என்று 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இருக்க வேண்டியது அந்த ஆர்பிஎம்மில், அந்த அழுத்தத்தில் இன்ஜின் எவ்வளவு மூச்சு இழுக்கிறது என்ற ஓர் அளவு மட்டும்தான். வேறு எதையும் அங்கே வைக்கக் கூடாது.

நான் வைத்தேன். மதியம் வண்டி அணைந்தது. கேஜில் பார்த்தால் லாம்டா (காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் இருந்தால் 1) 1.2, அதாவது காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, லீன். லீன் என்றால் பெட்ரோலைக் கூட்ட வேண்டியதுதானே என்று ஐட்லிங் கட்டத்தை 46-லிருந்து 50 ஆக்கினேன். மறுநாள் மறுபடி அணைந்தது, 54 ஆக்கினேன். அப்புறம் 58. அணைவது நின்றது. இரண்டு வாரம் நிம்மதி. அந்தச் சமயத்தில் மேப்பை முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: சுற்றிலும் 46, 47, 48 என்று சமதரையாக இருக்கும் இடத்தில் நடுவே ஒரு குன்று. எந்த இன்ஜினும் 850 ஆர்பிஎம்மில் 58-ம் 1000 ஆர்பிஎம்மில் 48-மாக மூச்சு விடாது. அந்தக் குன்றுதான் தினமும் காலையில் கறுப்புப் புகையாக வந்துகொண்டிருந்தது.

பழைய டவுனில் அப்பா காலத்திலிருந்து வண்டி பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். கார்புரேட்டர் காலத்து ஆள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நான் எண்களை மாற்றுவதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, அத்த ஓரமா வை. நாசிலுக்கு இன்னா கரண்டு வருதுன்னு பாத்தியா?" என்றார். நான் பார்க்கவில்லை. எட்டு சென்சார், பெட்ரோலைத் தெளிக்கும் நான்கு நாசில், ஒரு பம்ப் என்று எல்லாவற்றுக்கும் வயர் இழுத்தவன் ஒன்றையும் மீட்டர் வைத்துச் சரிபார்க்கவில்லை. அன்றிலிருந்து மேப்பைத் தொடாமல் ஒவ்வொரு அளவாகச் சோதிக்க ஆரம்பித்தேன்.

முதலில் மேனிஃபோல்டு அழுத்தம். இதற்கு இன்ஜினை ஓட்டவே வேண்டாம். சாவியை மட்டும் ஆன் செய்தால் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். வேலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 220 மீட்டர் உயரம். இங்கே 98, 99 கிலோபாஸ்கல் வரும். எனக்கு 102 காட்டியது. கடற்கரையில் நின்றால்கூட 101-ஐ ஒட்டித்தான் வரும். சென்சார் பழையது என்று முதலில் நினைத்தேன், ஆனால் சென்சாரில் குறையில்லை. அதன் எர்த்து வயரை வசதிக்காக பாடியில் ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தேன். பெட்ரோல் பம்ப் ஓடும்போது அந்த போல்ட்டுக்கும் ஈசிஎம் எர்த்துக்கும் இடையே மீட்டரில் 0.14 வோல்ட். இவ்வளவு சின்ன வித்தியாசமே 3 கிலோபாஸ்கல் பொய் சொல்லப் போதும். முழு த்ராட்டிலில் 100-க்கு 3 என்பது ஒன்றுமில்லை. ஐட்லிங்கில் 36-க்கு 3 என்றால் 8 சதவீதம் பெட்ரோல் கூடுதல். சென்சார்களின் எர்த்து எல்லாவற்றையும் ஈசிஎம்மில் அதற்கென்று இருக்கும் பின்னுக்கே கொண்டு போனேன். 98.6 வந்தது. சென்சார் எர்த்தை பாடியில் கட்டாதீர்கள். நான் மூன்று மாதத்தில் கற்றதில் இது முக்கியமான ஒன்று.

அப்புறம் வெப்ப சென்சார்கள். கூலன்ட் சென்சார் என்பது சூடு ஏற ஏற மின்தடை இறங்கும் ஒரு பொருள்தான், ஆனால் எவ்வளவு இறங்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மென்பொருளில் ஏற்கெனவே இருந்த அட்டவணை வேறு சென்சாருக்கானது. சென்சாரைக் கழற்றி, ஜூஸ் கடையில் வாங்கிய ஐஸ் உடைத்துப் போட்ட தண்ணீரிலும், சாதாரணத் தண்ணீரிலும், கொதிக்கும் தண்ணீரிலும் வைத்து, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்து, மூன்று இடத்திலும் ஓம் அளந்தேன். அந்த மூன்று எண்களைக் கொடுத்தால் போதும், மீதி வளைவை மென்பொருளே வரைந்துகொள்ளும். சூட்டில் இரண்டு அட்டவணைகளும் ஏறக்குறைய ஒன்று. குளிர்ந்த நிலையில் மட்டும் 8 டிகிரி வித்தியாசம். காலை ஸ்டார்ட்டில் எவ்வளவு பெட்ரோல் கூட்ட வேண்டும் என்பதை முடிவு செய்வதே இந்த எண்தான் என்பதால் அரை நாள் செலவழித்தது வீணில்லை.

லாம்டா கேஜையும் நம்பிவிட முடியாது. அது பெட்ரோலை மோப்பம் பிடிப்பதில்லை, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் மயிரிழை ஓட்டை இருந்தால், ஐட்லிங்கில் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கேஜ் லீன் என்று காட்டும், உள்ளே லீனாகவே இருக்காது. ஒரு பிளக் மிஸ் அடித்தாலும் அப்படித்தான்: எரியாத பெட்ரோலும் எரியாத ஆக்சிஜனும் சேர்ந்து வெளியே போகும், கேஜ் ஆக்சிஜனை மட்டும் எண்ணி லீன் என்று சொல்லும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் இன்னும் நனையும், இன்னும் மிஸ் அடிக்கும், கேஜ் இன்னும் லீன் காட்டும். பாய் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, சைலன்சர் வாயைத் துணியால் ஒரு நொடி பொத்திக் காட்டினார். இரண்டாவது சிலிண்டர் பக்கம் நுரை வந்தது. கேஸ்கெட் மாற்றியதும் லாம்டா 1.2-லிருந்து 1.15 ஆனது. கோளாறில் ஒரு பங்கு பொய், மீதி இன்னும் நிஜம்.

இந்த இடத்தில் பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுத்தமான பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று. இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும் என்பதால், கலவைக்கு ஏறக்குறைய 13.5 ஆகிறது. 14.7 என்று எழுதி அடிப்படைக் கணக்கைப் போட்டால் மேப் முழுவதும் 8 சதவீதம் குறைச்சலாக ஓடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் நாசில்களைப் பெஞ்சில் வைத்து அளந்தபோது நிமிடத்துக்கு 190 சிசி வந்தது. அதற்குப் பழைய கணக்கில், ஒரு சிலிண்டர் முழுதாக நிரம்பினால் நாசில் திறந்திருக்க வேண்டிய நேரம் 11 மில்லி விநாடியும் சொச்சமும். எத்தனால் கலவைக்கு 12-ஐத் தாண்டும். இந்த ஓர் எண்ணை மாற்றியதும் ஹைவேயில் ஓடும் கட்டங்கள் எல்லாம் கையை வைக்காமலே ஒழுங்குக்கு வந்தன. கேஜையும் லாம்டாவிலேயே வைத்துக்கொள்வது நல்லது. எந்தப் பெட்ரோல் போட்டாலும் லாம்டா 1 என்பது 1தான்.

இதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. தப்பு எங்கே இருக்கிறது என்பதை அதன் உருவமே சொல்லிவிடும். எல்லாக் கட்டமும் ஒரே சதவீதம் தள்ளியிருந்தால் அடிப்படைக் கணக்கையோ பெட்ரோல் பிரஷரையோ பார்க்க வேண்டும். முழு த்ராட்டிலில் மட்டும் லீன் என்றால் ஃபில்டர், பம்ப். ஆக்சிலேட்டரை மிதிக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் ஜர்க் அடித்தால் மேப்புக்கு அதில் சம்பந்தமே இல்லை, அதற்கென்று தனி அமைப்பு இருக்கிறது. ஐட்லிங்கில் மட்டும் என்றால், நாசில் மிகக் குறைந்த நேரம் திறக்கும் இடம் அது, அந்த நேரத்தைச் சந்தேகப்பட வேண்டும். எனக்கு மிச்சமிருந்தது அந்தக் கடைசி வகை.

நாசில் என்பது மின்காந்தத்தால் திறக்கும் ஒரு சின்ன வால்வு. கரண்டு கொடுத்த அதே கணத்தில் அது திறப்பதில்லை. ஊசி எழும்ப ஒரு மில்லி விநாடிக்கு நெருக்கமாக எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பெட்ரோல் வராது, அதனால் ஈசிஎம் ஒவ்வொரு முறையும் அந்த வீண் நேரத்தைக் கூடுதலாகச் சேர்த்துத் திறக்கிறது. நான் 0.9 என்று கொடுத்திருந்தேன். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தெளிக்கும்படி வைத்திருந்ததால், ஐட்லிங்கில் ஒவ்வொரு தெளிப்பும் மொத்தமே 1.8 மில்லி விநாடி. அதில் பாதி வீண் நேரம், பாதிதான் பெட்ரோல். வீண் நேரம் நான் நினைத்ததைவிட 0.15 கூடிவிட்டால், போக வேண்டிய பெட்ரோலில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகும். ஹைவேயில் அதிக நேரம் திறந்திருக்கும்போது இதே 0.15 பெரிதாகத் தெரியாது.

வீண் நேரம் சரியா என்று பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஐட்லிங்கில் ஓடவிட்டு, சுற்றுக்கு ஒரு தெளிப்பு என்று வைத்து லாம்டாவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு தெளிப்பு ஆக்குங்கள். மொத்தப் பெட்ரோல் மாறக் கூடாது. வீண் நேரம் சரியாக இருந்தால் லாம்டா அசையாது. குறைவாகக் கொடுத்திருந்தால், இரண்டு முறை நஷ்டப்படுவதால் இரண்டு தெளிப்பில் லீன் ஆகும். கூடுதலாகக் கொடுத்திருந்தால் ரிச், அதாவது பெட்ரோல் கூடுதல் ஆகும். நான் காலை ஏழு மணிக்குச் செய்து பார்த்தேன்: லாம்டா அசையவில்லை. பதினொரு மணிக்கு, வண்டி நன்றாகச் சூடான பிறகு செய்தேன்: இரண்டு தெளிப்பில் நன்றாக லீன். அதே நாசில், அதே 0.9. காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் என்ன மாறியது?

விடை முன்பே லாக்கில், அதாவது ஓடும்போது லேப்டாப்பில் பதிவான அளவுகளில் இருந்தது. மூன்று மாத லாக்கிலும் நான் லாம்டா, ஆர்பிஎம், அழுத்தம் மூன்றை மட்டுமே வரைந்து பார்த்திருந்தேன். அன்று முதல்முறையாக பேட்டரி வோல்ட்டேஜ் கோட்டையும் சேர்த்தேன். லாம்டா லீன் பக்கம் ஏறும் ஒவ்வொரு இடத்திலும் வோல்ட்டேஜ் 13.8-லிருந்து 13.4-க்கு ஒரு படி இறங்கியிருந்தது. படி இறங்கும் நேரம் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கும் நேரம். காலையில் ஃபேன் ஓடுவதில்லை. வேலூர் வெயிலில் மதிய சிக்னலில் ஓடாமல் இருப்பதே இல்லை.

வோல்ட்டேஜ் இறங்கினால் நாசில் மெதுவாகத் திறக்கும், வீண் நேரம் கூடும். ஈசிஎம்முக்கும் இது தெரியும், அதற்கான திருத்தமும் அதில் உண்டு. ஆனால் 0.4 வோல்ட்டுக்கு இவ்வளவு லீன் ஆகாது. பாய் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸில் வைத்தேன். மறுமுனையில் ஒரு குண்டூசியைப் பிடித்து, நாசில் கப்ளரின் பின்பக்கம், சப்ளை வயரில் செருகினேன். இன்ஜின் ஓடும்போது இப்படி வைத்தால் வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று நேராகக் காட்டும். ஃபேன் ஓடாதபோது 0.6. ஃபேன் ஓடியதும் 1.5.

ஈசிஎம் 13.4 என்று நம்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நாசிலுக்கு வந்தது 11.9.

வயரைப் பின்தொடர்ந்து போனதில் எல்லாம் தெரிந்தது. ஈசிஎம்முக்கு நான் புதிதாக பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்திருந்தேன். நாசிலுக்கும் பம்புக்கும் பழைய மெயின் ரிலே வழியாகவே விட்டுவிட்டேன். எப்போதோ ஃபேன் ரிலே போனபோது யாரோ ஒரு எலெக்ட்ரீஷியன் அவசரத்துக்கு அந்த மெயின் ரிலேயிலிருந்தே ஃபேனுக்கும் ஒரு வயர் தட்டியிருக்கிறார். ரிலேவை உடைத்துப் பார்த்தபோது முனைகள் கரிந்து குழிவிழுந்திருந்தன. இருபது வருட ரிலே, அதன் மேல் கூடுதல் சுமையாக ஃபேன். பழைய ஈசிஎம் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்து ஐட்லிங்கைத் திருத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும், அதனால்தான் அப்பா காலத்தில் இது வெளியே தெரியவில்லை. எனக்கு அந்தத் திருத்தம் இன்னும் போடப்படவில்லை என்பதால் குறை நேராக முகத்தில் வந்து நின்றது. நான் டியூனிங் முடிவதற்கு முன்பே அந்தத் திருத்தத்தை ஆன் செய்திருந்தால் இன்றுவரை கண்டுபிடித்திருக்க மாட்டேன். கடைசியில்தான் அதை ஆன் செய்ய வேண்டும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

வேலை ஒரு மாலை நேரம்தான் பிடித்தது. ஃபேனுக்குத் தனி ரிலே, தனி 20 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். மெயின் ரிலே புதியது. அதே இடத்தில் மீட்டரை வைத்தால் ஃபேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் 0.2. ஐட்லிங் கட்டத்தை 58-லிருந்து 47-க்குக் கொண்டு வந்துவிட்டு, ஒரு தெளிப்பு, இரண்டு தெளிப்பு சோதனையை ஃபேன் ஓடவிட்டே செய்தேன்; லாம்டா 0.98-க்கும் 0.99-க்கும் நடுவே நின்றது. குன்று மறைந்து மேப் சமதரை ஆனது.

அதற்குப் பிறகுதான் உண்மையான டியூனிங். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சத்துவாச்சாரியிலிருந்து வாலாஜாபேட்டை வரை தம்பி ஓட்ட, நான் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். தனியாக ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்கும் வேலையை யாரும் செய்யக் கூடாது. இரண்டு ஞாயிறில் மேப் முடிந்தது. மூன்றாவது ஞாயிறு ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் வெளிக்காற்றின் அழுத்தம் 89 கிலோபாஸ்கலை ஒட்டி வரும், இரண்டாவது கியரில் நல்ல லோடும் கிடைக்கும். மேலே சென்றதும் 2 சதவீதம் லீன் ஆனது. உயரத்தில் எக்ஸாஸ்ட் வெளியேறுவது சுலபம் என்பதால் சிலிண்டர் கொஞ்சம் அதிகம் நிரம்பும். அதற்கான சிறு திருத்தத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் பள்ளிகொண்டாவில் டீ குடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தபோது ஒரு நிமிடம் தடுமாறியது. பழைய நான் உடனே மேப்பைத் திறந்திருப்பேன். இந்த முறை காற்று வெப்ப சென்சாரைப் பார்த்தேன்: 71 டிகிரி. நின்ற பத்து நிமிடத்தில் சூடான மேனிஃபோல்டு சென்சாரைச் சுட்டுவிட்டது. காற்று அவ்வளவு சூடில்லை, ஆனால் சூடான காற்று லேசானது என்று ஈசிஎம் பெட்ரோலைக் குறைத்துவிட்டது. சென்சாரை ஏர் ஃபில்டருக்கு அடுத்த குழாய்க்கு மாற்றினேன், தீர்ந்தது. புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம் வந்தது.

பாயிடம் நான்கு பிளக்கையும் கழற்றிக் காட்டினேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நுனி டீ நிறத்தில் இருந்தது. "அப்பா ஓட்டச்சொல்லோ இந்தக் கலர்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அவரே திரும்ப மாட்டினார்.

போன மாதம் அம்மாவை ரத்தினகிரி கோயிலுக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது சரியாகப் பன்னிரண்டு மணி, கிரீன் சர்க்கிளில் சிவப்பு விழுந்தது. முன்பு இரண்டு முறை அதே இடத்தில் அணைந்ததில் பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடித்தது அம்மாவுக்கு மறக்கவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஃபேன் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. வோல்ட் 13.5, ஆர்பிஎம் 850, லாம்டா 0.99. பச்சை விழுந்தது, முதல் கியர் போட்டேன்.